‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லாமல் ஒரு படம்!

இப்போதெல்லாம் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டு வகைப் போட்டோக்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர் மேடைக்கு நேரே நிற்பார். ‘பெரியப்பா, கொஞ்சம் உள்ளே தள்ளிக்கோங்க... பாப்பா, கையைக் கீழே இறக்கு... எல்லாரும் இங்கே பாருங்க’ என்று வரிசையாக நிறுத்தி எடுப்பார். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பந்தியில் பாயசத்தை விரலால் வழித்துச் சாப்பிடும் குழந்தை, தாலி கட்டும் நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்ளும் பெண்ணின் அம்மா, சமையல்கட்டு வாசலில் வியர்வையைத் துடைத்தபடி நாதஸ்வரம் கேட்கும் சமையல்காரர் என்று எடுத்துக்கொண்டே போவார். இந்த இரண்டாமவர் எடுப்பதற்குத்தான் ‘கேண்டிட்’ என்று பெயர். கல்யாணச் செலவில் இதற்கென்றே தனியாக ஒரு தொகை ஒதுக்குகிறார்கள்!

கல்யாணம் ஒரு நாள் கூத்து. மீதி நாளெல்லாம் நம் வீட்டில் நடப்பதை யார் எடுக்கப் போகிறார்கள்? உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். காதுகுத்து, வளைகாப்பு, கிருகப்பிரவேசம், ஊட்டிப் பயணம் எல்லாம் இருக்கும். எல்லாரும் பட்டுப் புடவையும் சலவைச் சட்டையுமாக நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா அரிசி களைகிற படம் இருக்கிறதா? பாட்டி மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற படம்? அப்பா ஈஸிசேரில் வாய் திறந்து தூங்குகிற படம்? அநேகமாக இருக்காது.

இதன் வலி ஒருவர் காலமான பிறகு, மாலை போடப் படம் தேடும்போதுதான் தெரியும். யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்குவார்கள். அதுவும் இல்லாவிட்டால் ஆதார் அட்டைப் படம். எழுபது வருஷம் சிரித்து, அழுது, சமைத்துப் போட்டு வாழ்ந்த ஒரு மனுஷிக்குக் கடைசியில் மிஞ்சுவது அந்த விறைப்பான முகம். பேரன் பேத்திகளுக்கு அதுதான் பாட்டி! இரண்டு மூன்று வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது. பெரிய காமிரா எதுவும் என்னிடம் இல்லை. செல்போனிலேயே சில வருஷங்களாக எடுத்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் ஏன் சிரிக்கவில்லை?

கொள்ளுத்தாத்தா காலத்துப் படங்களில் எல்லாரும் ஏன் ‘உர்’ரென்று இருக்கிறார்கள் என்று நினைத்ததுண்டா? கோபம் இல்லை. அந்தக் காலத்துக் காமிராவுக்கு வெளிச்சம் வாங்க நிறைய நேரம் பிடித்தது. அதுவரை அசையாமல் இருக்க வேண்டும். ஆரம்ப கால ஸ்டுடியோக்களில் தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி கூட வைத்திருந்தார்களாம். சிரிப்பை அத்தனை நேரம் யாரால் பிடித்து வைக்க முடியும்?

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1838-ல் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் மாடி ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார். பல நிமிஷம் காமிரா திறந்திருந்ததால், ஓடிக்கொண்டிருந்த குதிரை வண்டிகளும் நடந்து போனவர்களும் படத்தில் விழவே இல்லை. தெரு வெறிச்சென்று இருக்கிறது. ஒரே ஒரு ஆள் மட்டும் ஓரமாக நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்தில் நின்றதால் விழுந்துவிட்டான். மனிதன் தெரிகிற முதல் போட்டோ என்று அதைத்தான் சொல்கிறார்கள். தன்னைப் படம் எடுப்பது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது! ஆக, முதல் மனிதப் படமே ஒரு கேண்டிட் படம்தான்.

1925-ல் ஜெர்மனியில் ‘லைக்கா’ என்ற சின்னக் காமிரா விற்பனைக்கு வந்தது. ஸ்டாண்டு வேண்டாம், கையிலேயே வைத்துக்கொண்டு நடமாடலாம். அதே நாட்டில் எரிக் சாலமன் என்று ஒருவர் இருந்தார். அவர் வைத்திருந்தது எர்மனாக்ஸ் என்ற வேறொரு சின்னக் காமிரா. குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும். தொப்பிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் அதை ஒளித்துக் கொண்டுபோய்க் கோர்ட்டையும், பெரிய மந்திரிகள் மாநாட்டில் தூங்கி வழிவதையும் எடுத்தார். அவர் படங்களைப் பார்த்துத்தான் லண்டன் பத்திரிகைக்காரர்கள் ‘கேண்டிட் காமிரா’ என்ற பெயரைப் பிரபலமாக்கினார்கள். ‘கேண்டிட்’ என்றால் ஒளிவுமறைவு இல்லாதது என்று அர்த்தம். காமிராவை ஒளித்து வைத்து எடுத்தவர் படத்துக்கு இப்படி ஒரு பெயர்!

அவர் எடுத்தது அதிகாரத்தில் இருந்தவர்களை. நாம் எடுக்கப் போவது நம் மாமியாரையும், குழந்தையையும், பூக்காரம்மாவையும். அதனால் நமக்கு அந்தப் பெயரின் அர்த்தம் போதும், தொப்பி வேண்டாம். நம் காமிரா எல்லாருக்கும் தெரிகிற இடத்திலேயே இருக்கட்டும். அவர்களே அதை மறந்து தம் வேலையைப் பார்க்கும்வரை நாம் காத்திருந்தால் போதும்.

புடவை கட்டிய போட்டோகிராபர்

‘இதெல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம்’ என்று யாராவது சொன்னால் ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1913-ல் குஜராத்தில் பிறந்த பார்சிப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. பிறகு டில்லியில் புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளில் போய் வேலை பார்த்தார். நேருஜி தன் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை வரவேற்க விமான நிலையத்தில் காத்து நிற்கும் படம் ஒன்று எடுத்திருக்கிறார். பக்கத்திலேயே ‘இங்கே படம் எடுக்கக் கூடாது’ என்று பலகை! பிரதமரைப் பார்க்காமல், தங்கைக்காகக் காத்திருக்கும் ஓர் அண்ணனைப் பார்த்தால்தான் அப்படி ஒரு படம் கிடைக்கும். 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2012 ஜனவரியில் 98-வது வயதில் காலமானார்.

இன்னொருவர் விவியன் மேயர். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஆயாவாக வேலை பார்த்தவர். முதலாளி வீட்டுக் குழந்தைகளை வெளியே கூட்டிப் போகும்போதெல்லாம் கழுத்தில் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் காமிரா தொங்கும். அதை வயிற்றுக்கு நேராக வைத்து, மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள், கிழவிகள், அழுகிற குழந்தைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. பல ரோல்களைக் கழுவக்கூட இல்லை. சாமான்கள் வைத்திருந்த அறைக்கு வாடகை கட்ட முடியாமல் போக, 2007-ல் அவை ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2009-ல் அவர் இறந்து போனார். புகழ் வந்தது அதற்கப்புறம். குழந்தை பார்த்துக்கொள்கிற வேலைக்கு நடுவிலேயே இத்தனை செய்ய முடியும் என்பதற்காக அவரைச் சொல்கிறேன். கூடவே, எடுத்ததை எடுத்த மனுஷர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதற்காகவும்தான்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் மக்களைத் தொடர்ந்து படம் எடுத்து வருகிறவர். 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். அவர் எடுத்தவற்றில் என் மனதைத் தொட்டவை, மீன் விற்கும் தன் தாயாரின் படங்கள். விடியாத இருட்டில், மார்க்கெட் விளக்கு வெளிச்சத்தில், வேலை செய்கிற அம்மா! நம்மில் எத்தனை பேர் அம்மாவை வேலை செய்யும்போது எடுத்திருக்கிறோம்?

எந்தக் காமிரா வாங்கலாம்?

ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் செல்போனே போதும். முதல் வேலை, அதன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பது. சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். படம் மங்கலாக, புகை படிந்தாற்போல் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது, விரலால் திரையில் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். பல போன்களில் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், தெளிவு போய்விடும். நாலு எட்டு கிட்டே போங்கள்.

மூன்றாவது, ஃபிளாஷை அணைத்து விடுங்கள். ஒருமுறை பளிச்சென்று அடித்தால் போதும், அப்புறம் அன்று முழுக்க எல்லாரும் உஷாராகி விடுவார்கள். முகமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும்.

நான்காவது, தொடர்ச்சியாக எடுக்கும் வசதி. பல போன்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ மளமளவென்று பத்துப் படம் விழும். ஓடுகிற குழந்தைக்கு இது ரொம்ப உபயோகம். பத்தில் ஒன்று நன்றாக இருக்கும். மீதியை அன்றே அழித்து விடுங்கள்.

வீட்டில் பழைய பெரிய காமிரா இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 125-ல் ஒரு பங்கு, விளையாடும் குழந்தைகளுக்கு 250-ல் ஒரு பங்கோ அதற்கும் வேகமாகவோ வைத்தால் படம் ஆடாது. சென்னைக் கடற்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்குள் துணிக்கு நடுவில் வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து சட்டென்று வெயிலுக்குக் கொண்டு போனால் கண்ணாடியில் நீர் கோத்துக் கொள்ளும். பத்து நிமிஷம் பைக்குள்ளேயே விட்டு வெளியே எடுங்கள்.

ஜன்னல்தான் நம் ஸ்டுடியோ

ஸ்டுடியோக்காரர் குடை விளக்கு வைத்துச் செய்வதை நம் வீட்டு ஜன்னல் இலவசமாகவே செய்கிறது. நேர் வெயில் உள்ளே விழாத ஜன்னலாகப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் ஆள் உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக முகம் அழகாக எழும்பும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துவிடும். அப்போது திரையில் அந்த முகத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். போன் அந்த முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டிக் கொள்ளும்.

பகலில் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது மஞ்சள் விளக்கை அணைத்து விடுங்கள். இரண்டு நிறமும் கலந்தால் முகம் காமாலை பிடித்தது போல் வரும். டியூப் லைட்டில் எடுத்த படத்தில் சில சமயம் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். போன் ரிப்பேர் என்று பயப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது காமிராவுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்!

முதல் வாரம் யாரை எடுப்பது?

வீட்டில் வேலையாக இருக்கிறவரை எடுங்கள். கையில் வேலை இருக்கும்போது மனுஷர்களுக்கு முகத்தைப் பற்றிய கவலை போய்விடுகிறது. கீரை ஆய்கிறவர், பூ தொடுக்கிறவர், சப்பாத்தி இடுகிறவர், ஷூ லேஸ் கட்டப் பழகுகிற குழந்தை, சுடோக்கு போடுகிற தாத்தா எல்லாரும் நல்ல ஆட்கள்.

நான் முதலில் ஆரம்பித்தது என் மாமியாரிடம். “அத்தை, நீங்க பருப்பு புடைக்கிறதை எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். “போம்மா, தலைகூட வாரலை. சாயந்திரம் நல்ல புடவை கட்டிக்கிறேன், அப்ப எடு” என்றார். “சரி அத்தை, நான் சும்மா இப்படி உட்கார்ந்திருக்கேன்” என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவரெதிரே உட்கார்ந்து ஊர்க் கதை கேட்டேன். நாத்தனார் கல்யாணத்தில் மழை பெய்த கதை வந்தது. சிரிக்க ஆரம்பித்தார். முறம் கையில், உமி காற்றில், முகம் முழுக்கச் சிரிப்பு! அப்போது எடுத்தேன். எடுத்த உடனே காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா மாதிரியே இருக்கேனே!” என்றார். அதற்கப்புறம் அவர் தலை வாரவில்லை என்று சொன்னதே இல்லை.

இதில் உங்களுக்கு மூன்று விஷயம் இருக்கிறது. கேட்டுவிட்டுக் கையில் காமிராவோடு பக்கத்தில் இருங்கள். பேச்சுக் கொடுங்கள். எடுத்ததை உடனே காட்டுங்கள். நம் பெண்கள் ‘வேண்டாம், நான் நல்லா இல்லை’ என்று முகத்தை மூடிக்கொள்வதற்குக் காரணம், தங்கள் முகத்தை ஆதார் அட்டையில் மட்டுமே பார்த்திருப்பதுதான். நல்ல படம் ஒன்றைக் காட்டிவிட்டால் அந்தக் கூச்சம் விலகிவிடும்.

குழந்தைகளை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்து விடுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் மூக்கும்தான் தெரியும். குழந்தையின் கண் மட்டத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். ‘இங்கே பாரு, சிரி’ என்று சொல்லாதீர்கள். சொன்னால் பல்லைக் காட்டும், அவ்வளவே. எதிலாவது மும்முரமாக இருக்கும்போது எடுங்கள்.

பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலையிலிருந்து கேலண்டர் முளைத்தாற்போல், கொடியில் காயும் துண்டு காதில் தொங்குவது போல் இருக்கும். நீங்கள் ஓரடி தள்ளி உட்கார்ந்தாலே சரியாகிவிடும். அவரைத் தள்ளி உட்காரச் சொல்லாதீர்கள். சொன்னால் மறுபடி போட்டோ முகம் வந்துவிடும்! கைகளையும் தனியாக எடுங்கள். மோதிரம் தேய்ந்த விரல், மருதாணி வெளிறிய நகம், ஊசி கோக்கும் விரல்கள்... கைகள் சொல்லும் கதை முகம் சொல்வதற்குச் சளைத்ததல்ல.

வாசலைத் தாண்டி...

வீட்டில் ஒரு மாதம் பழகிய பிறகு வெளியே போகலாம். நம் பக்கத்தைப் போல் இதற்கு ஏற்ற இடம் வேறில்லை.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளுக்குக் காலையிலேயே போய் விடுங்கள். பேரம் பேசுகிற முகங்களைப் போல் உயிருள்ள முகங்கள் கிடையாது. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை பார்க்கிற குழந்தைகளின் கண்களைப் பாருங்கள். பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் அன்று எல்லாரும் சுவாமியைத்தான் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி நின்று, சுவாமியைப் பார்க்கிறவர்களை எடுங்கள். கை கூப்பி நிற்கும் பாட்டி, அப்பா தோளில் ஏறிய குழந்தை, நீர்மோர் ஊற்றிக் கொடுக்கும் பையன்கள் எல்லாம் கிடைப்பார்கள். கோயிலுக்குள் மட்டும் போனை வெளியே எடுக்க வேண்டாம். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

தி. நகர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நின்று படம் எடுப்பது நடக்கிற காரியமில்லை. போனையும் பர்ஸையும் பத்திரமாகப் பார்த்துக் கொண்டால் போதும். அதைவிட, பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த அகலமான நடைபாதை சௌகரியம். ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களைப் பார்க்கலாம். உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழும்போது கண்ணெல்லாம் குழியாகக் கருத்துத் தெரியும். கடைப் பந்தல் நிழலில் நிற்கிறவர்களைப் பாருங்கள். இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல் போங்கள்.

அடையாறுப் பக்கம் இருப்பவர்களுக்கு எலியட்ஸ் பீச் இருக்கிறது. நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் கருப்பு உருவமாக வருவார்கள். அதுவும் ஓர் அழகுதான். முகம் வேண்டுமென்றால், அலைக்கு முதுகு காட்டி நின்று கடலைப் பார்க்கிறவர்கள் பக்கம் திரும்புங்கள். இளவெயில் அவர்கள் முகத்தில் பொன்னாக விழும். பின்னால் வரும் அலையையும் ஒரு கண்ணால் பார்த்துக் கொள்ளுங்கள்!

கேட்காமல் எடுக்கலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கூட்டமாக இருக்கும் திருவிழாவை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்க முடியாது. ஒருவர் முகத்தை மட்டும் கிட்டே போய் எடுப்பதானால் கேட்பதுதான் மரியாதை. ‘கேட்டால் இயல்பு போய்விடுமே’ என்பார்கள். போகாது. திரும்ப வரும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெருவில் போனின் ‘க்ளிக்’ சத்தத்தை நான் அணைப்பதில்லை. எடுக்கிறேன் என்பது அவர்களுக்கும் தெரியட்டுமே.

மாட வீதியில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் ஆயாவிடம், “படம் எடுத்துக்கட்டுமா ஆயா?” என்றேன். “இன்னா கண்ணு, என்னப் போயி எடுக்குற? மூஞ்சிகூடக் கழுவல!” என்று சிரித்தார். “நீங்க பாட்டுக்குக் கட்டுங்க ஆயா” என்று ஓரமாக நின்றேன். இரண்டு முழம் கட்டி முடிப்பதற்குள் என்னை மறந்தே போனார். அடுத்த வாரம் அதை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுருக்குப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எடுத்தால் ஒரு பிரதி கொடுப்பது என்று அன்று வைத்துக்கொண்ட வழக்கம் இன்றும் தொடர்கிறது. பத்துப் பதினைந்து ரூபாயில் முடிகிற காரியம்.

‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அழுகிறவர், நோயாளி, தெருவில் படுத்திருப்பவர் ஆகியோரைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம். ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது, உடை மாற்றும்போது, குளிக்கும்போது அவள் சம்மதமில்லாமல் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 77-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குக் காட்டச் சம்மதிக்காத படத்தைப் பரப்புவதும் அதே குற்றம்தான். வளர்ந்த பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நம் குழந்தைகளின் படத்துக்கும் இந்த மரியாதை உண்டு. குளிக்கும் படம், அழுது அடம் பிடிக்கும் படம், பள்ளிக்கூடத்தின் பெயர் தெரியும் யூனிஃபார்ம் படம் எல்லாம் ஸ்டேட்டஸில் போடுவதற்கல்ல. வீட்டு ஆல்பத்தோடு இருக்கட்டும். பேசத் தெரிந்த குழந்தையானால், ‘இதை அத்தைக்கு அனுப்பட்டுமா?’ என்று அதையே கேளுங்கள்.

எடுத்ததைக் காப்பாற்றுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையோரம் எத்தனையோ வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிப் போயின. பிரிட்ஜும் சோபாவும் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். அந்தப் படங்களை எங்கே வாங்குவது? ஆல்பத்தை மேல்தட்டில் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைக் காய்ந்த பிறகு பிய்க்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் தனித்தனியாகக் காய வையுங்கள். அத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்.

எழுபது, எண்பதுகளில் வந்த பசைத்தாள் ஆல்பங்களில் படங்கள் மஞ்சளடித்துப் போகும். முடிந்தால் அதையெல்லாம் இப்போதே செல்போனில் படம் எடுத்து வைத்து விடுங்கள். போனில் இருப்பதும் சாசுவதமில்லை. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு! மாதம் ஒருநாள் பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு பிரதி என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

வருஷத்துக்கு முப்பது படமாவது அச்சுப் போடுங்கள். பின்பக்கம் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். மெதுவான பென்சிலோ, போட்டோவுக்கென்று விற்கும் மார்க்கரோ நல்லது. ‘பாட்டி’ என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டிக்கும் பெயர் உண்டு. ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர்களுக்கு எந்தப் பாட்டி என்று எப்படித் தெரியும்?

கடைசியாக ஒன்று. வீட்டில் எல்லாரையும் எடுப்பது நீங்களாக இருந்தால், எந்தப் படத்திலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நாளைக்கு உங்கள் முகம் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிடுங்கள். ‘அம்மா என்ன செய்யறேனோ அதை எடு, ஆனா என்னைக் கூப்பிடாதே’ என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெற்றியில் வியர்வையும், தோளில் கரித்துணியும், முடிந்து செருகிய கூந்தலுமாக வரும் படத்தை அழித்து விடாதீர்கள். அந்த வருஷத்து ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதை ஒட்டுங்கள்!